ஃபுல் ஃபிரேமுக்கு மாறுகிறீர்களா? லென்ஸை முதலில் முடிவு செய்யுங்கள்

கிட் லென்ஸோடு (கேமராவோடு சேர்த்தே விற்கும் சாதாரண லென்ஸ்) வாங்கிய கிராப் சென்சார் கேமராவில், அதாவது படத்தைப் பதியும் சென்சார் சற்றுச் சிறியதாக உள்ள கேமராவில், சில வருடங்களாகப் படம் எடுக்கிறீர்கள், இப்போது பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேமுக்கு மாற ஆசை. நிலக்காட்சி, ஆட்களின் படங்கள், அவ்வப்போது பறவைகள் என்று மூன்றுக்கும் ஏற்ற ஒரு பாடியும் (லென்ஸ் இல்லாத கேமரா) இரண்டு மூன்று லென்ஸும் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு பாடியின் பெயரைத்தான் எதிர்பார்க்கிறார்கள். நான் பாடியைக் கடைசியில்தான் சொல்லப் போகிறேன். என்ன படம் எடுக்கிறோம் என்பதுதான் லென்ஸை முடிவு செய்கிறது. அந்த லென்ஸ் எந்த மவுண்டில் (லென்ஸைப் பாடியோடு பொருத்தும் அமைப்பு) தரமாகவும், தூக்கிக்கொண்டு நடக்கிற எடையிலும் கிடைக்கிறது என்பது நிறுவனத்தை முடிவு செய்கிறது. பாடி அதற்கு அப்புறம். இந்த வரிசையைத் தலைகீழாகப் போடுகிறவர்கள்தான் இரண்டு வருடத்தில் எல்லாவற்றையும் விற்றுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

ஃபுல் ஃபிரேம் என்ன தரும், என்ன தராது என்பதை முதலில் பார்த்துவிடலாம். சென்சாரின் அளவு 36 × 24 மில்லிமீட்டர். 1925-ல் லைக்கா கேமரா வெளிவந்து, 35 மி.மீ. ஃபிலிமில் பரவலாக்கிய அதே சட்ட அளவு. கிராப் சென்சார் சுமார் 23.5 × 15.6 மி.மீ., கேனனில் இன்னும் கொஞ்சம் சிறியது. பரப்பைக் கணக்குப் போட்டால் ஃபுல் ஃபிரேம் இரண்டேகால் மடங்குக்குச் சற்று மேல் பெரியது. அதனால் ஒரே அப்பர்ச்சரிலும் (லென்ஸின் துளை அளவு; எஃப் எண் சிறிதானால் துளை பெரிது) ஒரே ஷட்டர் வேகத்திலும் மொத்தமாகச் சேரும் வெளிச்சமும் அதே மடங்கு கூடும். ஸ்டாப் கணக்கில் (ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரண்டு மடங்கு) சொன்னால் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். கிராப்பில் ஐஎஸ்ஓ (கிடைத்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்ற எண்) 1600-ல் எவ்வளவு நாய்ஸ் (படத்தில் விழும் புள்ளிகள்) தெரிகிறதோ, ஒரே தலைமுறை ஃபுல் ஃபிரேமில் அதே அளவு 3200-ஐத் தாண்டித்தான் தெரியும். பின்னணி மங்குவதும் அதே ஒரு ஸ்டாப் அளவுக்குக் கூடும்.

இது நல்ல ஆதாயம்தான், ஆனால் பலர் நினைப்பது போன்ற மாயம் கிடையாது. கிராப்பில் 56 மி.மீ. எஃப் 1.4 லென்ஸில் எடுத்த முகப்படத்தையும், ஃபுல் ஃபிரேமில் 85 மி.மீ. எஃப் 2-ல் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எதென்று சொல்வது கடினம். இன்னொரு பக்கம் பாருங்கள். புது ஃபுல் ஃபிரேம் பாடியோடு, ஜூம் செய்யச் செய்ய எஃப் 6.3 வரை சுருங்கும் மலிவான கிட் லென்ஸை மாட்டிக்கொண்டவரைவிட, பழைய கிராப் பாடியில் எஃப் 1.4 பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) மாட்டியவர் வெளிச்சக் கணக்கில் மூன்று ஸ்டாப் முன்னால் இருக்கிறார். ஸ்டாப் ஒன்றுக்கு இரண்டு மடங்கு, ஆக எட்டு மடங்கு வெளிச்சம். சென்சார் தரும் ஒரு ஸ்டாப்பை லென்ஸ் அப்படியே விழுங்கிவிடுகிறது. கையில் இருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் லென்ஸுக்குப் போக முடியாவிட்டால், இப்போதைக்குக் கிராப்பிலேயே இருந்து ஒரு நல்ல பிரைம் வாங்குங்கள் என்பதுதான் என் பதில். அதைச் சொல்ல எனக்குத் தயக்கம் எதுவும் இல்லை.

சரி, மாறுவது என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். எதையும் வாங்குவதற்கு முன், இதுவரை எடுத்ததில் உங்களுக்கே பிடித்த படங்களைத் தனியாக எடுத்து, எந்த ஃபோக்கல் லென்த்தில் (லென்ஸின் மி.மீ. எண்; சிறிதானால் காட்சி அகலம், பெரிதானால் தூரத்துப் பொருள் நெருங்கும்) எடுத்தவை என்று பாருங்கள். கோப்பிலேயே அந்தத் தகவல் இருக்கும். அதை 1.5-ஆல், கேனன் என்றால் 1.6-ஆல் பெருக்கினால் ஃபுல் ஃபிரேமில் தேவைப்படும் அளவு கிடைக்கும். 18-55 கிட் லென்ஸ் என்பது இந்தக் கணக்கில் சுமார் 27-82. பிடித்த படங்கள் பெரும்பாலும் 18-ல் குவிந்திருந்தால் உங்களுக்கு அகலம் போதவில்லை. 55-ல் குவிந்திருந்தால் நீளம் போதவில்லை. நடுவில் பரவியிருந்தால் ஒரு நல்ல பொது ஜூம் உங்கள் வேலையில் பெரும்பகுதியை முடித்துவிடும். கூடவே ஐஎஸ்ஓ-வையும் பாருங்கள். எல்லாம் 100, 200 என்று இருந்தால் ஃபுல் ஃபிரேமின் முக்கிய ஆதாயம் உங்களுக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. 3200, 6400 என்று இருந்தால் நிச்சயம் தேவைப்படும். எந்த விமர்சனக் காணொளியும் இவ்வளவு தெளிவாக உங்களுக்குப் பதில் சொல்லாது.

இனி ஒவ்வொரு வகையாகப் போவோம்.

நிலக்காட்சிக்கு எஃப் 2.8 ஜூம் வேண்டும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. நிலக்காட்சி எடுப்பவர் பகலில் எஃப் 8-க்கும் 11-க்கும் நடுவில்தான் வாழ்கிறார். கேமரா டிரைபாடில் நிற்கிறது, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் மலைக்குக் கவலையில்லை. அந்த எஃப் 2.8-க்காகக் கொடுக்கும் பணமும் சுமக்கும் எடையும் வீண். எஃப் 4 அகல ஜூம் போதும். நிக்கானின் 14-30 மி.மீ. எஃப் 4 வெறும் 485 கிராம்தான், முன்னால் சாதாரண 82 மி.மீ. ஃபில்டரையும் மாட்டலாம். ஃபில்டர் விஷயத்தைக் கட்டாயம் கவனியுங்கள். மிக அகலமான சில லென்ஸ்களின் முன் கண்ணாடி வெளியே புடைத்திருக்கும், அவற்றில் திருகும் ஃபில்டர் போட முடியாது. ஓடும் நீரைப் பட்டுப்போல் எடுக்கவோ, ஈர இலைகளின் பளபளப்பைக் குறைக்கவோ ஃபில்டர் தேவைப்படுபவருக்கு அது பெரிய இடைஞ்சல்.

எவ்வளவு அகலம்? 14 மி.மீ. பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் அதில் நல்ல படம் எடுப்பது எல்லோரும் நினைப்பதைவிடக் கஷ்டம். தூரத்து மலை சுருங்கிச் சின்னதாகிவிடும், முன்னால் காலடியில் வலுவாக ஏதாவது இல்லையென்றால் படத்தில் பாதி வெறும் தரையாகவே இருக்கும். புதிதாக மாறுபவர்களுக்கு 20, 24 போன்ற அளவுகள்தான் அதிகம் பயன்படும் என்பது என் கருத்து. அதோடு, நிலக்காட்சி என்றாலே அகலம் என்று நினைப்பதும் சரியில்லை. அடுக்கடுக்காகப் போகும் மலைகள், பனிக்குள் தனியாக நிற்கும் மரம், வெயில் விழுந்த ஒரு சரிவு என்று மனதில் நிற்கும் பல படங்கள் 100, 200 மி.மீ.-ல் எடுத்தவை. 70-200 எஃப் 4 போன்ற ஒன்று இருந்தால் அதையே போர்ட்ரெயிட்டுக்கும் (ஆட்களின் படங்களுக்கும்) பயன்படுத்தலாம்.

ஒரு கணக்கு சொல்கிறேன், வேலைக்கு உதவும். 20 மி.மீ. லென்ஸை எஃப் 8-ல் வைத்து, சுமார் 1.7 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், முக்கால் மீட்டருக்குச் சற்று மேலிருந்து அடிவானம் வரை வழக்கமான கணக்குப்படி கூர்மையாக இருக்கும். அந்த வழக்கமான கணக்கு சாதாரண அளவு பிரிண்டைப் பார்க்கும் கண்ணுக்கானது. 45 மெகாபிக்சல் கோப்பை நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு அது தாராளமாகத் தோன்றும். அதற்காக எஃப் 16, 22 என்று போய்விடாதீர்கள். அப்பர்ச்சர் சிறுக்கச் சிறுக்க ஒளி ஓரங்களில் வளைந்து படம் முழுவதும் மெல்ல மழுங்கும், இந்த அளவு பிக்சல் நெருக்கத்தில் எஃப் 11-ஐத் தாண்டினாலே அது கண்ணுக்குத் தெரியும். முன்னாலும் பின்னாலும் தனித்தனியாக ஃபோகஸ் செய்து இரண்டு மூன்று படங்கள் எடுத்து மென்பொருளில் இணைப்பது நல்ல வழி. பல பாடிகளில் இதைத் தானாகவே வரிசையாக எடுக்கும் வசதி இப்போது இருக்கிறது.

இரவு வானம் மட்டும் இந்த எஃப் 4 கதைக்கு விதிவிலக்கு. நட்சத்திரங்கள் நகர்கின்றன, அதனால் ஷட்டர் நேரத்தை நீட்ட முடியாது. 500-ஐ ஃபோக்கல் லென்த்தால் வகுக்கும் பழைய விதிப்படி 20 மி.மீ.-க்கு 25 விநாடி வரும். இன்றைய அடர்த்தியான சென்சார்களில் அதற்குள் நட்சத்திரம் கோடாக நீண்டிருக்கும், 10 முதல் 15 விநாடிதான் பத்திரம். எனவே வெளிச்சத்தைத் தர அப்பர்ச்சர் ஒன்றுதான் மிச்சம். எஃப் 1.8 லென்ஸ் எஃப் 2.8-ஐவிட இரண்டரை மடங்குக்கு அருகில் வெளிச்சம் தருகிறது. சோனியின் 20 மி.மீ. எஃப் 1.8 இந்த வேலைக்கு மிகவும் பொருத்தமானது, எடையும் 373 கிராம்தான். வானத்துக்கு லென்ஸ் தேர்ந்தெடுக்கும்போது நடுவிலுள்ள கூர்மையைப் பார்க்காதீர்கள். மூலைகளில் நட்சத்திரங்கள் சிறகு முளைத்தது போல் இழுபடுகின்றனவா என்று, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து எடுத்த மாதிரிப் படங்களில் பாருங்கள்.

ஆட்களின் படங்களுக்கு வருவோம். 85 மி.மீ. முகத்தை அழகாகக் காட்டும் என்கிறார்கள். அழகாகக் காட்டுவது உண்மையில் தூரம்தான். ஒரு முகத்துக்கு அரை மீட்டரில் நின்றால் மூக்கு பெரிதாகவும் காதுகள் பின்வாங்கியும் தெரியும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் முகம் நாம் நேரில் பார்க்கும் விகிதத்துக்கு வந்துவிடும். அந்த இரண்டு மீட்டரிலிருந்து தலையும் தோளும் சட்டத்தை நிரப்ப வேண்டுமென்றால் 85 வசதியான அளவு, அவ்வளவுதான். முழு உருவம் எடுக்கும்போது 50 மி.மீ.-லேயே போதுமான தூரம் கிடைத்துவிடும், 35-ல்கூட எடுக்கலாம். ஒருவரை அவர் வேலை செய்யும் இடத்தோடு சேர்த்துக் காட்டும் படங்களுக்கு 35-ஐ மிஞ்சியது எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை.

எஃப் 1.8-ஆ, 1.4-ஆ, 1.2-ஆ என்ற கேள்வி அடுத்து வரும். ஃபுல் ஃபிரேமில் 85 மி.மீ. எஃப் 1.8-ல் இரண்டு மீட்டர் தூரத்தில் கூர்மையாக இருக்கும் ஆழம் சுமார் 6 சென்டிமீட்டர். எஃப் 1.4-ல் ஒன்றரை மீட்டருக்கு நெருங்கினால் இரண்டரை சென்டிமீட்டர்தான். முகம் கொஞ்சம் திரும்பியிருந்தால் ஒரு கண் கூர்மையாகவும் மற்றது மங்கலாகவும் வரும். இதை விரும்பிச் செய்யலாம், எல்லாப் படத்திலும் செய்ய முடியாது. ஆகவே முதல் போர்ட்ரெயிட் லென்ஸ் 85 மி.மீ. எஃப் 1.8. எல்லா முக்கிய மவுண்டிலும் இருக்கிறது (கேனனில் அது 85 எஃப் 2), லேசானது, முழுதாகத் திறந்தாலும் கூர்மையானது. இன்னும் பின்னணி உருக வேண்டும் என்று பிற்பாடு தோன்றினால் எஃப் 1.2-க்குப் போவதைவிட 135 மி.மீ. எஃப் 1.8-ஐப் பாருங்கள். பின்னணி எவ்வளவு மங்கும் என்பதற்கு, ஃபோக்கல் லென்த்தை எஃப் எண்ணால் வகுத்து வரும் துளையின் விட்டம் நல்ல அளவுகோல். 85 எஃப் 1.8-ல் அது 47 மி.மீ., 135 எஃப் 1.8-ல் 75. ஒரு 70-200 எஃப் 2.8-ல் 200-ல் 71. அந்த ஜூம் ஏன் இத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது என்பதற்கு இந்த எண்ணே விளக்கம்.

குழுவாக நிற்பவர்களை எடுக்கும்போது இதெல்லாம் தலைகீழ். இரண்டு வரிசை ஆட்கள் என்றால் எஃப் 5.6-க்குப் போங்கள், ஐஎஸ்ஓ ஏறினாலும் பரவாயில்லை. நாய்ஸை மென்பொருளில் குறைக்கலாம், பின்வரிசையில் ஃபோகஸ் இல்லாத முகத்தை மீட்கவே முடியாது.

திருமணம், மேடை போன்ற நிகழ்ச்சிகளைப் பணத்துக்கு எடுக்கப் போகிறீர்கள் என்றால் எஃப் 2.8 ஜூம்கள் இரண்டு, 24-70-உம் 70-200-உம், ஆடம்பரம் கிடையாது, தொழில் கருவிகள். பாடியில் இரண்டு மெமரி கார்டு இருக்க வேண்டும் என்பதை அங்கே விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு கார்டு செத்தால் அந்த நாளை மறுபடி நடத்த முடியாது. இன்னொன்று, சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை எல்இடி விளக்குகளுக்குக் கீழே முதலில் சோதித்துப் பாருங்கள். சாதாரணச் சென்சார் மேலிருந்து கீழாக வரி வரியாக மெதுவாகப் படிக்கப்படுகிறது. அதற்குள் விளக்கு பல தடவை மினுங்கிவிடுவதால் படத்தில் பட்டை பட்டையாக விழும்.

தெருவிலும் பயணத்திலும் எடுப்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. எடை குறைவாக இருந்தால்தான் கேமரா பையைவிட்டு வெளியே வரும். 28, 35, 40 இவற்றில் ஒரு சின்ன பிரைம் போதும். நிக்கானின் 40 மி.மீ. எஃப் 2 170 கிராம், கேனனின் 50 மி.மீ. எஃப் 1.8 160 கிராம். ஒரே லென்ஸோடு கிளம்ப விரும்பினால் 24-105 எஃப் 4 வகை. சோனியின் 20-70 எஃப் 4 இன்னும் அகலமாகத் தொடங்குவதால் பயணத்துக்கு எனக்கு அதுதான் மேலாகப் படுகிறது.

இப்போது பறவைகள். உங்கள் கேள்வியின் கடினமான பகுதி இதுதான், ஏனென்றால் மற்ற எல்லாம் ஒரு பக்கம் இழுக்க இது எதிர்ப்பக்கம் இழுக்கிறது. 15 சென்டிமீட்டர் நீளமுள்ள சின்னப் பறவை 10 மீட்டர் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 மி.மீ. லென்ஸில் அதன் பிம்பம் சென்சாரில் 9 மி.மீ. நீளம் விழும். ஃபுல் ஃபிரேமின் 36 மி.மீ. அகலத்தில் அது கால் பங்கு, 24 மெகாபிக்சல் கேமராவில் சுமார் 1500 பிக்சல். 300 மி.மீ. லென்ஸோடு போனால் எட்டில் ஒரு பங்கு. அதை வெட்டிப் பெரிதாக்கினால் இறகுகளின் நுணுக்கம் எதுவும் மிஞ்சாது. இப்போது நீங்கள் வைத்திருக்கும் 24 மெகாபிக்சல் கிராப் பாடியில் 400 மி.மீ. லென்ஸை மாட்டிப் பாருங்கள். பிம்பம் 6 மி.மீ., சென்சார் அகலம் 23.5. அதே கால் பங்கு, அதே 1500 பிக்சல். அதாவது பறவை விஷயத்தில் ஃபுல் ஃபிரேமுக்கு மாறினால் அதே படத்துக்கே ஒன்றரை மடங்கு நீளமான லென்ஸ் வேண்டும். தூரம் குறைக்க முடியாத பொருளை எடுக்கும்போது, நெருக்கமான பிக்சல்களோடு இருக்கும் சிறிய சென்சார் ஒன்றும் தாழ்ந்ததில்லை.

இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, பழைய கிராப் பாடியை விற்காமல் பறவைக்கென்றே வைத்துக்கொள்வது. விற்றால் கிடைக்கும் பணம் சொற்பம், வைத்திருந்தால் கிடைக்கும் நீளம் பெரிது. அவ்வப்போது மட்டும் பறவை எடுக்கும் உங்களுக்கு இதைத்தான் நான் சொல்வேன். புதுப் பாடியிலும் பழையதிலும் ஒரே லென்ஸ் மாட்ட முடிந்தால் இன்னும் நல்லது. இரண்டாவது, 45 மெகாபிக்சலோ அதற்கு மேலோ உள்ள ஃபுல் ஃபிரேம் வாங்கி, தேவைப்படும்போது கிராப் முறையில் (சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தி) எடுப்பது. 45-ல் சுமார் 19 மெகாபிக்சலும், 61-ல் சுமார் 26-உம் கிடைக்கும். 24 மெகாபிக்சல் பாடியில் இதே முறை வெறும் பத்தில் கொண்டுபோய் விடும். மூன்றாவது வழி நேரடியாக நீளமான லென்ஸ். சோனியின் 200-600 எஃப் 5.6-6.3, நிக்கானின் 180-600, சிக்மாவின் 150-600 ஆகியவை இதற்கானவை. டிரைபாட் வளையம் இல்லாமலே சோனி சுமார் 2.1 கிலோ, நிக்கான் சுமார் 1.95 கிலோ. அரை நாள் கையில் பிடித்து நடந்தால் தோள் சொல்லும். கேனனின் 100-500 மி.மீ. சுமார் 1.4 கிலோதான், ஆனால் 500-ல் எஃப் 7.1. கேனன் செய்த 600 மி.மீ. எஃப் 11 லென்ஸ் 930 கிராம்தான், விலையும் எட்டக்கூடியது. நல்ல வெயிலில் அது அருமையான கருவி, அந்தி சாய்ந்ததும் வேலை முடிந்துவிடும்.

டெலிகன்வெர்ட்டரை (லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் மாட்டி நீளத்தைக் கூட்டும் கருவி) நம்பித் திட்டம் போடாதீர்கள். 1.4 மடங்கு ஒன்று ஒரு ஸ்டாப்பையும், 2 மடங்கு இரண்டு ஸ்டாப்பையும் தின்னும். எஃப் 6.3 ஜூமில் 2 மடங்கு போட்டால் எஃப் 13 ஆகிவிடும், பறக்கும் பறவைக்கு 1/2000 விநாடியோ அதற்கு மேலோ வேகம் வேண்டும், ஐஎஸ்ஓ எங்கே போய் நிற்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். 600 எஃப் 4 போன்ற பெரிய லென்ஸ்களோடு அது நன்றாக ஒத்துப்போகும், ஆனால் அவை 3 கிலோ எடையும் ஒரு முழு கேமரா கிட்டைவிட அதிக விலையும் கொண்டவை.

பறவைக்குப் பாடியும் முக்கியம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். பாடி லென்ஸுக்குச் சமமாக நிற்கும் ஒரே இடம் இதுவும் விளையாட்டும்தான். பறவையின் கண்ணைக் கண்டுபிடித்துப் பின்தொடரும் ஃபோகஸ், ஷட்டரை அழுத்துவதற்கு முந்தைய கணங்களையும் சேமிக்கும் வசதி, வேகமாகப் படிக்கும் ஸ்டாக்டு சென்சார் மூன்றும் நிஜமாகவே உதவும். சாதாரணச் சென்சார்கள் பல ஒரு படத்தைப் படிக்கச் சுமார் 1/15 விநாடி எடுக்கும், மிக அதிக மெகாபிக்சல் உள்ளவை இன்னும் மெதுவானவை. அந்த நேரத்துக்குள் சிறகு நகர்ந்து வளைந்துபோகும். ஸ்டாக்டு சென்சார் 1/150 விநாடிக்குள் படித்துவிடும். நிக்கான் இஸட் 9-லும் (2021) இஸட் 8-லும் (2023) மெக்கானிகல் ஷட்டரே இல்லாமல் போனது இந்த வேகத்தால்தான். சோனி ஏ9 மார்க் 3 எல்லாப் பிக்சலையும் ஒரே கணத்தில் படிக்கும் குளோபல் ஷட்டரோடு 2023-ல் அறிவிக்கப்பட்டது. ஆனால் கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு இது எதுவும் அவசியமில்லை.

பூச்சி, பூ என்று மேக்ரோ ஆசை இருந்தால் 90 முதல் 105 மி.மீ. வரை, 1:1 அளவுக்கு (பொருளின் நிஜ அளவிலேயே பிம்பம் சென்சாரில் விழும்படி) நெருங்கும் லென்ஸ் ஒன்று போதும். அதையே போர்ட்ரெயிட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். ஆழம் போதாமல்தான் மேக்ரோவில் எல்லோரும் தவிக்கிறார்கள், அதனால் இங்கேயும் பெரிய சென்சார் தனி ஆதாயம் தருவதில்லை.

இனி மவுண்ட். சோனி தன் இ மவுண்டின் அடிப்படை விவரங்களை 2011-லேயே மற்ற நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. அதன் பலன்தான் சிக்மா, டாம்ரான், சாம்யாங், வில்ட்ராக்ஸ் என்று அங்கே குவிந்திருக்கும் லென்ஸ்கள். விலை குறைந்த, எடை குறைந்த நல்ல லென்ஸ்கள் மற்ற எங்கேயும்விட அங்கே அதிகம். டாம்ரானின் 28-75 எஃப் 2.8, 28-200 போன்றவை பலரின் முதல் ஃபுல் ஃபிரேம் லென்ஸாக இருப்பது இதனால்தான். நிக்கானின் இஸட் மவுண்ட் அகலமானது, 55 மி.மீ. விட்டம். எஃப் 1.8 பிரைம்கள் அங்கே மிக நன்றாக இருக்கின்றன, பறவைக்கான நீண்ட லென்ஸ் வரிசையும் எடை குறைவாக, யோசித்துச் செய்யப்பட்டது. கேனன் ஆர்எஃப் மவுண்டில் ஃபுல் ஃபிரேமுக்கான மூன்றாம் நிறுவன ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் மிகக் குறைவு, அதைத் தெரிந்துகொண்டே போக வேண்டும். ஆனால் கேனனின் பழைய டிஎஸ்எல்ஆர்களுக்கான (உள்ளே கண்ணாடி உள்ள முந்தைய வகைக் கேமரா) இஎஃப் லென்ஸ்கள் அடாப்டரில் (இடையில் மாட்டும் இணைப்பு வளையம்) எந்தக் குறையும் இல்லாமல் வேலை செய்கின்றன, செகண்ட் ஹேண்டில் அவை ஏராளம். பானசோனிக், லைக்கா, சிக்மா மூன்றும் 2018-ல் சேர்ந்து அறிவித்த எல் மவுண்ட் கூட்டணியும் நல்ல தேர்வுதான், வீடியோவும் எடுப்பவர்களுக்குக் குறிப்பாக.

உங்களிடம் இருப்பது கேனன் டிஎஸ்எல்ஆர் என்றால் ஆர்எஃப் பக்கமும், நிக்கான் என்றால் இஸட் பக்கமும் போவதற்கு இதில் ஒரு நல்ல காரணம் இருக்கிறது. இஎஃப் மவுண்டில் ஒரு 100-400 வாங்கினால் பழைய பாடியில் நேரடியாகவும், புதியதில் அடாப்டரோடும் மாட்டலாம். நிக்கானின் 200-500 எஃப் 5.6-உம் அப்படியே. ஆனால் ஆர்எஃப், இஸட் லென்ஸ்கள் பழைய டிஎஸ்எல்ஆரில் மாட்டாது. நிக்கானில் இன்னொரு எச்சரிக்கை உண்டு, லென்ஸுக்குள் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப், ஏஎஃப்-டி லென்ஸ்கள் நிக்கானின் எஃப்டிஇஸட் அடாப்டரில் ஆட்டோஃபோகஸ் செய்யாது.

பாடிக்கு வந்துவிட்டோம். மெகாபிக்சல் பற்றி: 24 மெகாபிக்சல் படம் 6000 × 4000 பிக்சல், அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் 20 × 13 அங்குலப் பிரிண்ட் வரும். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்க அதைவிடப் பெரிதாகவும் தாராளமாகப் போடலாம். 45-உம் 61-உம் வேண்டியவர்கள் இரண்டே வகை, நிறைய வெட்டுபவர்களும் மிகப் பெரிதாகப் பிரிண்ட் போடுபவர்களும். 61 மெகாபிக்சல் ரா கோப்பைச் (சென்சார் தந்த தகவலை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) சுருக்காமல் சேமித்தால் ஒன்றுக்குச் சுமார் 120 எம்பி. கணினியும் ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்து மாற வேண்டிவரும், அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாடிக்குள் இருக்கும் ஸ்டெபிலைசேஷனை (கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி) மெகாபிக்சலுக்கு மேலாக மதிப்பேன். அது இருந்தால் சின்ன பிரைம்கள் எல்லாம் நடுங்காத லென்ஸாகிவிடும்.

உங்கள் தேவைக்குப் பெயர் சொல்லச் சொன்னால்: நிக்கான் இஸட் 5 மார்க் 2 (2025), 24 மெகாபிக்சல், ஸ்டெபிலைசேஷன், இரண்டு கார்டு, பறவையை அடையாளம் காணும் ஃபோகஸ் என்று எல்லாம் இருக்கிறது. சோனி பக்கம் என்றால் ஏ7 மார்க் 4 (2021), 33 மெகாபிக்சல். கேனனில் ஆர்8 (2023) வெறும் 461 கிராம், ஃபோகஸ் மிக நன்று, ஆனால் பாடியில் ஸ்டெபிலைசேஷன் இல்லை, கார்டும் ஒன்றுதான். அந்தக் குறைகள் உறுத்தினால் ஆர்6 மார்க் 2 (2022). மூன்று நான்கு வருடம் பழைய பாடியைச் செகண்ட் ஹேண்டில் வாங்குவதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். ஷட்டர் எத்தனை தடவை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள், வெள்ளைச் சுவரை எஃப் 16-ல் எடுத்துச் சென்சாரில் கறை இருக்கிறதா என்று பாருங்கள். லென்ஸ் என்றால் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

வாங்கும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் பாடியோடு 24-105 அல்லது 24-120 எஃப் 4. நிலக்காட்சியில் பெரும்பகுதி, ஆட்களின் படங்களில் பாதி அதிலேயே முடியும். சோனி என்றால் 20-70 எஃப் 4. இரண்டாவது 85 மி.மீ. எஃப் 1.8. இந்த இரண்டோடு ஒரு வருடமாவது எடுங்கள். அகலம் போதவில்லை என்று திரும்பத் திரும்பத் தோன்றினால் மட்டும் 14-30, 16-35 போன்ற எஃப் 4 ஜூம். பறவைக்கு உங்கள் கிராப் பாடியும், அதற்குச் செகண்ட் ஹேண்டில் ஒரு 100-400 அல்லது 150-600-உம். அந்தப் பெரிய லென்ஸை வாங்கும் முன் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து, நீங்கள் வழக்கமாகப் போகும் இடத்துக்கே கொண்டுபோய், வழக்கமாக நிற்கும் நேரம் முழுக்கக் கையில் பிடித்துப் பாருங்கள். எடை ஒத்துவரவில்லை என்றால் 150-600-ஐ விட்டுவிட்டு 100-400-ஐ எடுத்துக்கொண்டு, பறவைக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கி நிற்கப் பழகுங்கள்.